எந்தப் பாடசாலை, எந்த மொழிமூலம்? முதலாம் தர விண்ணப்பத்தின் முன்னால் சில விடயங்கள்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் முதலாம் தர அனுமதிக்கான விண்ணப்பப்படிவத்தைக் கொண்டு வந்து எனது மேசையில் வைத்தார்கள். பேத்திக்கு எதிர்வரும் ஜனவரியில் ஐந்து வயது பூர்த்தியாகிறது. பெயர், முகவரி, பிறந்த திகதி எல்லாம் நிரப்பப்பட்டிருந்தன. மொழிமூலம் எழுத வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "வாப்பா, நீங்க முப்பது வருசத்துக்கு மேல படிச்சுக் குடுத்தவரு. நீங்களே சொல்லுங்க" என்றாள் மகள். மருமகன் ஒன்றும் பேசவில்லை. அவரது மனதில் நகரத்திலுள்ள சிங்கள மொழிமூலப் பாடசாலை இருப்பது எனக்குத் தெரியும். மகளின் மனதில் அவள் படித்த, நானும் சில காலம் கற்பித்த எங்கள் ஊர் முஸ்லிம் பாடசாலை. நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 9.7 வீதத்தினர் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே சிங்கள அயலவர்களுக்கு மத்தியில் வாழ்கிறார்கள். கல்முனையிலோ காத்தான்குடியிலோ உள்ள ஒரு வாப்பாவுக்கு மொழிமூலம் என்பது பெரும்பாலும் கேள்வியே அல்ல. கண்டி, கேகாலை, குருநாகல், களுத்துறை, மாத்தறை என்று வந்துவிட்டால் ஒவ்வொரு வருடத்தின் நடுப்பகுதியிலும் நூற்றுக்கணக்கான வீடுகளில் இதே படிவம் இதே வெறுமையுடன் மேசையில் கிடக்கிறது. ஆகவே எனக்குத் தெரிந்தவற்றை, சட்டத்தில் உள்ளவற்றையும் வகுப்பறையில் கண்டவற்றையும், இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விடயம். இந்த நாட்டில் பத்தாயிரத்துக்கும் சற்று அதிகமான அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிங்களம் அல்லது தமிழ் என்ற ஒரு தேசிய மொழியில் மட்டுமே கற்பிப்பவை. கொழும்பு றோயல் கல்லூரி, 1967 இல் ஆரம்பிக்கப்பட்ட டி.எஸ். சேனாநாயக்க கல்லூரி போன்று சிங்கள, தமிழ் மொழிமூல வகுப்புகள் ஒரே வளாகத்தில் இயங்கும் பாடசாலைகள் மிகச் சிலவே. அங்கும்கூடப் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் விளையாடினாலும் மணி அடித்ததும் வேறு வேறு வகுப்பறைகளுக்குத்தான் போகிறார்கள். பல்லினங்கள் வாழும் நாடு என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ஐந்து வயதில் பிரிக்கப்படும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்திலோ தொழில் செய்யும் இடத்திலோதான் முதன்முதலாக ஒரே மேசையில் அமர்கிறார்கள்.

இப்படிப் பிரிந்தது யாரும் திட்டமிட்டுச் செய்த சதியல்ல. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரவின் விசேட குழு 1943 இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1945 ஒக்டோபரில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனோடு தாய்மொழிக் கல்வியும் வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தொடங்கி 1950களில் இடைநிலை வகுப்புகள் வரை படிப்படியாகச் சிங்களமும் தமிழும் ஆங்கிலத்தின் இடத்தைப் பிடித்தன. ஏழைப் பிள்ளைகளுக்கு இது ஒரு விடுதலை. ஆங்கிலம் தெரியாத ஒரே காரணத்தால் உத்தியோகக் கதவு மூடப்பட்டிருந்தவர்களுக்கு அது திறந்தது. ஆனால் முன்பு ஆங்கிலப் பாடசாலையொன்றில் ஒரே வாங்கில் அமர்ந்திருந்த சிங்கள, தமிழ், முஸ்லிம், பறங்கிப் பிள்ளைகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டதும் அதே காலத்தில்தான். (அந்த ஆங்கிலப் பாடசாலைகளுக்கு எத்தனை பேரால் போக முடிந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பழைய காலத்தைப் பற்றி ஏங்கிப் பேசுபவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.)

முஸ்லிம்களின் நிலை அப்போதே சற்றுச் சிக்கலானது. வீட்டில் தமிழ், கடையில் சிங்களம், ஓதுவது அரபு. எமது தாய்மொழி எது என்று கேட்டவர்களுக்கு அந்தக் காலத்துத் தலைவர்களே ஒரே பதிலைச் சொல்லவில்லை. அதனால்தான் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் பறங்கிப் பிள்ளைகளுக்கும் சில காலம் ஆங்கிலத்தில் தொடரவும் சலுகை இருந்தது. நடைமுறையில் பெரும்பாலான முஸ்லிம் பாடசாலைகள் தமிழ் மொழிமூலத்தையே தெரிவு செய்தன.

அதற்கு முன்னரும் ஒரு நீண்ட கதை உண்டு. மிஷனரிப் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை விட்டுவிடும் என்று எமது முன்னோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது, அதனால் ஏற்பட்ட இழப்பும் பெரியது. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி எம்.சி. சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியது இந்தத் தூக்கத்தைக் கலைப்பதற்காகத்தான். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883 இல் இங்கு வந்த ஒராபி பாஷாவின் தூண்டுதலும் சேர்ந்து, 1892 இல் மருதானையில் ஸாஹிரா உருவானது. பின்னர் அங்கே டி.பி. ஜாயா 1921 முதல் 1948 வரையும் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1948 முதல் 1961 வரையும் அதிபர்களாக இருந்தார்கள். சிவில் சேவையில் முதன்முதலாக இணைந்த முஸ்லிமான அஸீஸ் அந்தப் பதவியை விட்டுவிட்டு ஒரு பாடசாலைக்கு அதிபராக வந்தார் என்பதை இன்றைய பெற்றோர் ஒரு கணம் யோசித்துப் பார்க்கலாம். 1960 முதல் 1963 வரையும் 1970 முதல் 1977 வரையும் கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுத்தீன் மஹ்மூத். அவரது காலத்தில் ஆசிரியர் தொழிலுக்கு வந்த முஸ்லிம்களின் தொகை பெருகியது. எனக்கு அரிச்சுவடி சொல்லித் தந்த டீச்சரும் அந்தக் காலத்து நியமனம்தான். ஊரில் முதலாவது பெண் ஆசிரியை. வெள்ளைச் சேலையின் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி வருவார்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம்.

முதலாம் தர அனுமதிச் சுற்றுநிருபத்தைப் பெற்றோர் பலர் வாசிப்பதே இல்லை. வட்ஸ்அப்பில் வருவதை நம்புகிறார்கள். அண்மைக்காலச் சுற்றுநிருபங்களின்படி இடங்கள் பிரிக்கப்படுவது இவ்வாறு: பாடசாலைக்கு அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு 50 வீதம், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25 வீதம், ஏற்கெனவே அங்கு படிப்போரின் சகோதர சகோதரிகளுக்கு 15 வீதம். எஞ்சிய 10 வீதத்தில் 5 கல்வித்துறை ஊழியர்களின் பிள்ளைகளுக்கு, 4 இடமாற்றம் பெற்ற அரச ஊழியர்களின் பிள்ளைகளுக்கு, 1 வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தோரின் பிள்ளைகளுக்கு.

இதில் எமது பெற்றோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அருகில் வசிப்போர் பிரிவில் வாக்காளர் இடாப்புப் பதிவுக்கும் வீட்டு உரித்துக்கும் பெரிய புள்ளிகள் உண்டு. உங்கள் வீட்டுக்கும் விண்ணப்பிக்கும் பாடசாலைக்கும் இடையில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரசாங்கப் பாடசாலைகள் இருந்தால் அந்த ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பெயரை மட்டும் மாமனாரின் ஊர் இடாப்பில் விட்டு வைத்திருப்பவர்கள் நேர்முகத் தேர்வில்தான் தலையில் கை வைக்கிறார்கள். இடாப்புப் பதிவைப் பிள்ளை பிறந்த வருடமே சரிசெய்து கொள்வது நல்லது.

இரண்டாவது விடயம் பலருக்குத் தெரியாதது. 1960 இலும் 1961 இலும் நிறைவேற்றப்பட்ட சட்டங்கள் மூலம் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை, அதாவது பெரும்பாலும் கிறிஸ்தவ, பௌத்த, இந்து, முஸ்லிம் அமைப்புகள் நடத்தியவற்றை, அரசாங்கம் பொறுப்பேற்றது. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசுடைமையான பாடசாலைகளில், பொறுப்பேற்ற வேளையில் எந்தெந்தச் சமயத்துப் பிள்ளைகள் என்ன விகிதத்தில் இருந்தார்களோ அந்த விகிதம் இன்றும் அனுமதியின்போது கவனத்தில் கொள்ளப்படுகிறது. அறுபது வருடங்களுக்கு முன்னர் அந்தக் கல்லூரியில் எமது மூத்த தலைமுறையினர் எத்தனை பேர் படித்தார்கள் என்பது, இன்று உங்கள் பிள்ளைக்கு எத்தனை இடங்கள் உண்டு என்பதைத் தீர்மானிக்கும். மிஷனரிப் பாடசாலையைத் தவிர்த்த அந்தப் பழைய அச்சம் இன்னும் எமது பிள்ளைகளின் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது. ஆகவே நிராகரிப்புக் கடிதம் வந்ததும் "முஸ்லிம் என்றபடியால் தள்ளிவிட்டார்கள்" என்று முடிவு கட்டுவதற்கு முன்னர், அந்தப் பாடசாலையின் சமய விகிதத்தையும் வெட்டுப்புள்ளியையும் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பதற்கும் மேன்முறையீடு செய்வதற்கும் உரிமை உண்டு.

மொழிமூலத்தைப் பொறுத்தவரை அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை தேசிய மொழிகளான சிங்களம், தமிழ் ஆகிய இரண்டில் எதிலேனும் ஒன்றில் கல்வி கற்கும் உரிமையைத் தருகிறது. எந்த இனத்தவர் எந்த மொழியில் படிக்க வேண்டும் என்று அதில் இல்லை. 2001 தொடக்கம் சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்கும் இருமொழிக் கல்வியும் படிப்படியாக அறிமுகமானது. ஆனால் அதற்குரிய ஆசிரியர்கள் இருக்கும் பாடசாலைகள் பெரும்பாலும் நகரங்களில்தான் உள்ளன.

நான் கற்பித்த ஐந்து பாடசாலைகளில் நான்கு முஸ்லிம் பாடசாலைகள். ஒன்று சிங்கள மகா வித்தியாலயம். அங்கே நான்கு வருடங்கள் இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பித்தேன். இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்ற வகையில் சில விடயங்களைச் சொல்லலாம்.

காலை 7.30 க்கு இரண்டிலும் மணி அடிக்கும். ஒன்றில் கிராஅத், துஆ. மற்றதில் பன்சில். தேசிய கீதத்தின் மெட்டு இரண்டிலும் ஒன்றே, மொழி மட்டும் வேறு. எமது பாடசாலையில் பிள்ளைகள் தமிழில் பாடுவார்கள். 2016 இல் சுதந்திர தின வைபவத்தில் தமிழிலும் பாடப்பட்டபோது நாட்டில் பெரிய விவாதம் நடந்தது. எங்கள் மூன்றாம் தரப் பிள்ளைகளுக்கு அந்த விவாதம் விளங்கவேயில்லை. அவர்கள் தினமும் பாடுவதுதானே!

நாட்காட்டியும் இரண்டு. கல்வி அமைச்சு சிங்கள, தமிழ் பாடசாலைகளுக்கு ஒரு தவணை அட்டவணையையும் முஸ்லிம் பாடசாலைகளுக்கு இன்னொன்றையும் வெளியிடுகிறது. நோன்பு கால விடுமுறை காரணமாக எமது தவணைகள் மாறுகின்றன. நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னால் வருவதால் அந்த அட்டவணையும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு பிள்ளையை முஸ்லிம் பாடசாலையிலும் இன்னொன்றைச் சிங்களப் பாடசாலையிலும் வைத்திருக்கும் உம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள். வீடு முழுவதும் ஒன்றாக விடுமுறையில் இருக்கும் வாரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சிங்களப் பாடசாலையில் நோன்பு நாட்கள் எப்படியிருக்கும் என்று பெற்றோர் கேட்பார்கள். நான் கண்டது இது. இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த ஏழாம் தரப் பையன் ஒருவன், பக்கத்தில் இருந்த முஸ்லிம் நண்பனைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய் மாமரத்தின் கீழ் நின்று சாப்பிட்டான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதே பாடசாலையில், அதே வருடம், ஒரு மாணவி பர்தா அணிந்து வந்தபோது வாசலில் நிறுத்தப்பட்டாள். அவளது வாப்பா மூன்று நாட்கள் வேலையை விட்டுவிட்டு அலைந்தார். கடைசியில் வெள்ளைத் துணியில் சிறிய அளவில் அணியலாம் என்று முடிவானது. இரண்டும் நடந்தன. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பவர்கள் உங்களுக்கு ஆலோசனை சொல்ல வந்தால் கவனமாக இருங்கள்.

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம். சிங்களப் பாடசாலைகளில் பிள்ளைகள் வெற்றிலை கொடுத்து ஆசிரியரின் காலில் விழுந்து வணங்குவது வழக்கம். முஸ்லிம் பிள்ளை என்ன செய்வது? வருடாவருடம் இந்தக் கேள்வியோடு யாராவது என்னிடம் வருவார்கள். அங்கே நான் இருந்த முதல் வருடம் ஆறாம் தரப் பிள்ளையொன்று வெற்றிலையுடன் வந்து எனக்கு முன்னால் நின்று விழி பிதுங்கியது. கையை நீட்டி வெற்றிலையை வாங்கி, தலையைத் தடவி, "போதும் மகன்" என்று அனுப்பிவிட்டேன். பக்கத்தில் இருந்த வயது முதிர்ந்த சிங்கள ஆசிரியை இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். அடுத்த பிள்ளையிடமிருந்து அவரும் அப்படியே நின்றபடி வெற்றிலையை வாங்கினார். அதன் பிறகு முஸ்லிம் பிள்ளைகள் யாரையும் அவர் குனிய விட்டதில்லை. வருட ஆரம்பத்திலேயே வகுப்பாசிரியரைச் சந்தித்து, நாங்கள் மரியாதை செய்வோம், ஆனால் ஸுஜூது போன்று குனிவதில்லை என்று பணிவாக விளக்கிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. நாங்கள் சொல்லாமல் இருந்துவிட்டு, அன்றைய தினம் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் மறைப்பதுதான் தவறான விளக்கத்தைக் கொடுக்கிறது.

ஜும்ஆ விடயம் சிறியது. முஸ்லிம் பாடசாலைகள் வெள்ளிக்கிழமை நேரத்தோடு விடும். ஏனைய பாடசாலைகளில் பையன்களுக்கு அனுமதி பெற வேண்டும். எழுத்தில் கேட்டால் கிடைக்கும்.

சமய பாடம்தான் பெரிய பிரச்சினை. சாதாரண தரப் பரீட்சையில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மேலும் மூன்று தெரிவுப் பாடங்கள் சேர்ந்து ஒன்பது. சமயம் என்பது அவரவர் சமயம். சிங்கள மொழிமூலத்தில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் இஸ்லாம் பாடம் உண்டு, சிங்களத்தில் பாடநூலும் உண்டு. ஆனால் அதைக் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா? பல இடங்களில் இல்லை. மற்றப் பிள்ளைகள் பௌத்த பாடத்துக்குப் போகும் நேரத்தில் எமது பிள்ளைகள் நூலகத்தில் தாங்களாகவே புத்தகத்தைப் புரட்டுவார்கள். பௌத்த வகுப்பின் பின்வாங்கில் அமர்ந்து அந்தப் பாடத்திலேயே பரீட்சை எழுதிய பிள்ளைகளையும் நான் கண்டிருக்கிறேன். மௌலவி ஆசிரியர் நியமனம் பற்றி எமது சமூகம் பல வருடங்களாகப் பேசுகிறது. ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் முஸ்லிம் பாடசாலைகளின் வெற்றிடங்களைப் பற்றியது. சிங்களப் பாடசாலைகளில் இருக்கும் எமது பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் இஸ்லாம் கற்பிக்கக்கூடியவர்களைப் பயிற்றுவிப்பது பற்றி நான் கேட்டது குறைவு. மாலை நேரக் குர்ஆன் மத்ரஸாவும் ஞாயிறு அஹதிய்யாவும் ஓரளவு ஈடுசெய்கின்றன. அங்கும் ஒரு சிக்கல் உண்டு. பாடசாலையில் சிங்களத்தில் எழுதும் பிள்ளைக்கு, தமிழில் நடக்கும் மத்ரஸாவில் ஹஸ்ரத் கரும்பலகையில் எழுதுவதை வாசிக்கத் தெரியாது. எங்கள் ஊரில் அப்படிப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். கல்யாணக் கடிதத்தை வாசிக்க உம்மாவிடம் கொடுக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எமது முஸ்லிம் பாடசாலைகளில் படித்துவிட்டு வரும் பிள்ளை ஒரு பொலிஸ் நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ சிங்களத்தில் நான்கு வரி எழுதத் திணறுகிறது. இரண்டாம் தேசிய மொழி நேரசூசியில் இருக்கிறது. ஆனால் சாதாரண தரத்தில் அது கட்டாயப் பாடமல்ல, தெரிவுப் பாடம் மட்டுமே. பரீட்சையில் கேட்காததை எந்தப் பாடசாலை அக்கறையோடு கற்பிக்கும்? அந்தப் பாடவேளை பெரும்பாலும் கணித ஆசிரியருக்குக் கடனாகப் போய்விடும். சிங்களப் பாடசாலையில் நான் தமிழ் கற்பித்தபோதும் இதே கதைதான். முதல் வருடம் பாடநூலின்படி உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று போனேன். வருட முடிவில் பிள்ளைகளுக்கு 'ஃ' எழுதத் தெரியும், "தண்ணீர் தாங்க" என்று கேட்கத் தெரியாது. இரண்டாம் வருடம் புத்தகத்தை மூடிவிட்டு, வகுப்பைச் சந்தியிலுள்ள நானாவின் பலசரக்குக் கடைக்குக் கூட்டிப் போனேன். சீனி, பருப்பு, மாசி, தேங்காயெண்ணெய். அரை மணித்தியாலத்தில் அவர்கள் கற்றது அதிகம். கடைக்கார நானா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டொபி கொடுத்தார். அடுத்த வாரம் அதிபர் என்னை அழைத்து, அனுமதியில்லாமல் பிள்ளைகளை வெளியே கொண்டு போகக்கூடாது என்று எச்சரித்தார். அவர் சொன்னதும் சரிதான்.

2007 ஜூலை 1 இன் பின்னர் அரச சேவையில் சேருபவர்கள் மற்றைய அரசகரும மொழியில் ஐந்து வருடங்களுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. பாடசாலையில் பதினொரு வருடங்களில் கொடுக்க முடியாததை, உத்தியோகம் கிடைத்த பிறகு ஐந்து வருடங்களில் பெறச் சொல்கிறோம்.

2011 இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை, வெவ்வேறு இன, சமயப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் பாடசாலைகளை அரசாங்கம் ஊக்குவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு முன்னரே, 2008 இல், சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையொன்று கல்வி அமைச்சினால் வெளியிடப்பட்டது. பாடசாலை மட்டத்தில் நான் கண்டது, வருடத்தில் ஒரு தடவை இரு பாடசாலைகளின் பிள்ளைகளை ஒரு நாள் ஒன்றாகக் கூட்டி, நடனம் ஆடவைத்து, படம் எடுத்து, பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது. படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2019 ஏப்ரல் 21 க்குப் பிறகான மாதங்களை இங்கே தவிர்க்க முடியாது. பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது வாசலில் பைகளைச் சோதித்தார்கள். எல்லாப் பிள்ளைகளின் பைகளும் சோதிக்கப்பட்டன, ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பார்வையோடு பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அபாயாவுடன் வந்த ஆசிரியைகள் சில இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். முகத்தை மூடுவதற்கு மட்டுமே தடை என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை, அறிந்தவர்களும் பேசவில்லை. எனது நண்பர் ஒருவரின் மகள் அப்போது நகரத்துச் சிங்களப் பாடசாலையொன்றில் ஒன்பதாம் தரத்தில் இருந்தாள். வகுப்பில் ஒரே முஸ்லிம் பிள்ளை. முதல் நாள் யாரும் பக்கத்தில் அமரவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், முதலாம் தரத்திலிருந்து அவளுடன் படித்த ஒரு பிள்ளை தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்தாள். அந்தப் பிள்ளை ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று நண்பரின் மகள் இன்றும் சொல்கிறாள். இப்போது இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில். எங்கள் ஊர் முஸ்லிம் பாடசாலையில் படித்த பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நாட்கள் வரவில்லை. அந்த மூன்றாம் நாளும் வரவில்லை.

இதையெல்லாம் மகளிடமும் மருமகனிடமும் சொன்னேன். இரவு பதினொரு மணிவரை பேசினோம். மனைவி இரண்டு தடவை தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, "புள்ளக்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். பிள்ளையோ பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர்கள் எடுத்த முடிவு இது. மூன்று பாடசாலைகளுக்கு விண்ணப்பித்தார்கள். முதலாவதாக நகரத்துச் சிங்களப் பாடசாலை, அடுத்து இரண்டு முஸ்லிம் பாடசாலைகள். சிங்களப் பாடசாலை கிடைத்தால் ஞாயிறு தவிர்ந்த எல்லா நாட்களும் அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் பேத்திக்கு நான் தமிழ் எழுத, வாசிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது மகளின் நிபந்தனை. ஊர்ப் பாடசாலை கிடைத்தால் அதே நேரத்தில் சிங்களம் என்பது மருமகனின் நிபந்தனை. இரண்டுக்கும் சம்மதித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு வேறு என்ன வேலை?

படிவங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பற்றுச்சீட்டுகளையும் பிரதிகளையும் ஒரு கோவையில் போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நேர்முகத் தேர்வில் கேட்பார்கள். வரும் வழியில் பலகையும் சோக்கும் வாங்கினேன். பேத்தி அன்றே அதில் ஒரு பூனையை வரைந்துவிட்டு, "இதுக்குச் சிங்களத்துல என்ன அப்பா?" என்று கேட்டாள்.